வெப்பக்குழாயில் நானோ பாய்மம்

வெப்பக்குழாய் என்பது மோட்டாரோ பம்போ இல்லாமல் வெப்பத்தை ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குக் கடத்தும் மூடிய உலோகக் குழாய். செம்புக் குழாயின் உட்சுவரை ஒட்டி இரண்டு மூன்று சுற்றுக் கம்பிவலை. உள்ளிருக்கும் காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டுச் சிறிதளவு நீர் விட்டு வாயை அடைத்துவிடுவார்கள். சூடான முனையில் ஆவியாகும் நீர், குளிர்ந்த முனைக்குப் போய் நீராகி, விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல் வலையின் வழியே திரும்பி வரும். அந்த வலைக்குத் திரி என்றே பெயர். நீருக்குப் பதில் நானோ அளவுத் துகள்கள் கலந்த நீரை ஊற்றினால் என்ன ஆகும் என்பதே இத்துறையின் கேள்வி.

ஜெனரல் மோட்டார்ஸில் பணிபுரிந்த ரிச்சர்ட் காக்ளர் இக்கருவிக்கு 1944-இல் காப்புரிமை பெற்றார். 1963-இல் லாஸ் அலமோஸில் ஜார்ஜ் குரோவர் அதைத் தனியாக மீண்டும் கண்டறிந்தார். இப்படித் துகள் கலந்த நீர்மத்துக்கு நானோ பாய்மம் என்ற பெயர் 1995-இல் ஆர்கான் ஆய்வகத்தின் ஸ்டீபன் சோய் வைத்தது.

தமிழகத்தின் பங்கு இங்கே கணிசமானது. சென்னை ஐஐடியின் சரித் குமார் தாஸ், ஜெர்மானிய ஆய்வாளர்களுடன் சேர்ந்து 2003-இல் இரு முடிவுகளை வெளியிட்டார். வெப்பநிலை 21-இலிருந்து 51 பாகை செல்சியசுக்கு உயரும்போது, துகள்களால் கிடைக்கும் வெப்பக் கடத்துதிறன் கூடுதல் இரண்டு முதல் நான்கு மடங்காகிறது என்றது ஒன்று. அலுமினா துகள் கலந்த நீர் தூய நீரைவிட மோசமாகக் கொதிக்கிறது என்றது மற்றொன்று. துகள்கள் சூடான பரப்பில் படிந்து அதன் தன்மையையே மாற்றிவிடுவதுதான் காரணம். முதல் முடிவு உலகெங்கும் பேசப்பட்டது. வெப்பக்குழாயைப் பொறுத்தவரை இரண்டாவதுதான் சரியான தடத்தைக் காட்டியது.

அதே ஆண்டில் ஐஐடியின் பிரதீப் குழுவினரும் தாஸும் மிகச் சிறிதளவு பொன் துகளிலேயே கடத்துதிறன் எதிர்பாராத அளவு கூடுவதாக அறிவித்தார்கள். இத்தகைய அளவீடுகள் ஆய்வகத்துக்கு ஆய்வகம் மாறின. முப்பதுக்கும் மேற்பட்ட நிறுவனங்கள் ஒரே மாதிரிகளைப் பகிர்ந்து அளந்து 2009-இல் வெளியிட்ட கூட்டாய்வு, அந்த மாதிரிகளில் அசாதாரணக் கூடுதல் எதுவும் இல்லை என்றது.

ஆனாலும் வெப்பக்குழாய்களில் பலன் தொடர்ந்து தெரிந்தது. சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் செம்புத் துகள் நீரை நிரப்பிய குழாயைப் பல சாய்கோணங்களில் வைத்து அளந்தார்கள். கோவை காருண்யா பல்கலைக்கழகத்தில் 2013-இல் வெளியான ஆய்வில், கன அளவில் 0.009 விழுக்காடு வெள்ளித் துகள் சேர்த்தபோது வெப்பத்தடை சுமார் 76 விழுக்காடு குறைந்தது. இவ்வளவு சொற்பமான வெள்ளியால் நீரின் கடத்துதிறன் அந்த அளவு கூட வழியில்லை. நீர் ஆவியாகும் முனையில் துகள்கள் வலைமேல் மெல்லிய நுண்துளைப் படலமாகத் தங்குகின்றன. நீர் அப்படலத்தில் நன்றாகப் பரவி, விரைவாக ஊறி ஏறுகிறது. இந்த விளக்கமே இன்று வலுவாக நிற்கிறது. அப்படியானால் துகளை நீரில் கலப்பானேன்? காருண்யா ஆய்வாளர்கள் 2012-லேயே திரிமேல் நேரடியாகச் செம்பு நானோ துகளைப் பூசிப் பார்த்திருந்தார்கள். இத்துறையில் நடந்தவற்றுள் தெளிவான சோதனை அதுதான் என்று சொல்லலாம்.

வெப்பக்குழாயின் தேவை பெருகிவருகிறது. 2023-இல் என்டிடி நிறுவனம் அம்பத்தூரில் திறந்தது போன்ற தரவு மையங்களில் சர்வர் சில்லுகளின் சூட்டை இறக்கியாக வேண்டும். அதற்கான குளிர்விப்பான்களில் வெப்பக்குழாய் பரவலாக இடம்பெறுகிறது. ஆனால் சந்தையில் கிடைக்கும் செம்புக் குழாய்களில் பெரும்பாலும் தூய நீரே இருக்கிறது. ஆய்வகத்தில் மீயொலியால் மணிக்கணக்கில் கலக்கிய நீரிலும் துகள்கள் நாளடைவில் ஒன்றோடொன்று திரண்டு அடியில் தங்கிவிடும். அடைத்த குழாயைத் திறந்து மீண்டும் கலக்க முடியாது. படிவு தடித்தால் திரியின் துளைகள் அடைபடும்.