மஞ்சக்குடியில் பதினைந்து நாள்

போன வாரம் பேருந்து நிலையத்தில் ஒரு நண்பர் என்னை நிறுத்தி, "பழைய சங்கதியெல்லாம் எழுதுகிறீர்களே, குடியை விட்டவர்களைப் பற்றி ஏதாவது எழுதக்கூடாதா?" என்று கேட்டார். யாருக்காகக் கேட்கிறார் என்று நான் விசாரிக்கவில்லை. முகமே சொல்லியது.

எழுத எனக்குக் கொஞ்சம் கூச்சம் உண்டு. காரணம் பின்னால் வரும்.

நான் காரைக்காலில் பிறந்தவன். 1954 நவம்பர் 1-ல் நிர்வாகம் பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து கைமாறிய பிறகும் நான் படித்த பள்ளியில் பாடமெல்லாம் பிரெஞ்சில்தான். அங்கேயே அரசு அலுவலகத்தில் எழுத்தராகச் சேர்ந்து, ஓய்வுக்குப் பின் மனைவியின் ஊரான பட்டுக்கோட்டைக்கு வந்துவிட்டேன். பள்ளியில் எங்கள் ஆசிரியர் ஒருவர் சிரித்துக்கொண்டே ஒன்று சொல்வார். பிரான்சில் பள்ளிச் சாப்பாட்டில் பிள்ளைகளுக்கும் திராட்சை மது உண்டாம். 14 வயதுக்குட்பட்டவர்களுக்கு அதை நிறுத்தியதே 1956-ல்தானாம். கதை என்று நினைத்தேன். பிற்பாடு படித்தபோது உண்மை என்று தெரிந்தது.

தஞ்சைப் பக்கத்துக் கதை வேறு. ராஜாஜி 1937-ல் சேலத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். 1948-ல் அது மாகாணம் முழுவதும் வந்தது. 1971-ல் கலைஞர் ஆட்சியில் தளர்த்தி, 1974-க்குள் மறுபடி மூடினார்கள். 1981-ல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் திரும்பவும் திறந்தார்கள். திறந்தாலும் மூடினாலும் குடிக்கிறவருக்கு வழி தெரியும். நாகூரைத் தாண்டி வாஞ்சூர் போனால் காரைக்கால் எல்லை. சரக்கு மலிவு. அந்த மலிவுதான் என் வீட்டுக்குள்ளும் வந்தது.

என் மனைவியின் தம்பிக்குப் பட்டுக்கோட்டைப் பக்கம் தென்னந்தோப்பு. நல்ல உழைப்பாளி. நான் விடுமுறைக்கு வரும்போதெல்லாம், "அத்தான், பையில ஏதாவது இருக்கா?" என்பான். இருக்கும். ஒன்றிரண்டு பாட்டில் வாங்கி வருவதை நான் உறவுக்குச் செய்யும் மரியாதையாகவே நினைத்திருந்தேன். சில வருஷத்தில் காலையில் கை நடுங்காமல் அவனால் டம்ளரைப் பிடிக்க முடியவில்லை. தோப்பில் பாதி அடமானத்துக்குப் போயிற்று. கோயிலில் சத்தியம் வாங்கினோம், கயிறு கட்டினோம். மூன்று நாள் தாங்கும். நான்காம் நாள் வியர்த்துக் கொட்டி, இல்லாததைப் பார்த்துப் பேச ஆரம்பிப்பான். அதை நாங்கள் திமிர் என்றோம், சிலர் பேய் என்றார்கள். பல காலம் குடித்த உடம்பு திடீரென நிறுத்தினால் வலிப்பும் பிதற்றலும் வரும், உயிரே போகலாம், மருத்துவர் கண்காணிப்பில்தான் நிறுத்த வேண்டும் என்பது எங்களில் ஒருவருக்கும் தெரியாது.

இந்தச் சமயத்தில்தான் மஞ்சக்குடி முகாமைப் பற்றிக் கேள்விப்பட்டோம்.

அதற்குப் பின்னால் சென்னையில் ஒரு குடும்பத்தின் துக்கம் இருக்கிறது. முன்னாள் நிதியமைச்சர் டி.டி.கிருஷ்ணமாச்சாரியை நம் வயதுக்காரர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. பிரஸ்டீஜ் குக்கர் அந்தக் குடும்பத்தாருடையது. அந்த வீட்டுப் பேரன் டி.டி.ரங்கநாதன் குடிநோயால் இளவயதிலேயே இறந்துபோனார். அவர் மனைவி சாந்தி ரங்கநாதன் மூலையில் உட்காரவில்லை. அமெரிக்கா போய் இந்தச் சிகிச்சையைக் கற்றுவந்து, 1980-ல் கணவர் பெயரிலேயே அறக்கட்டளை தொடங்கினார். அடையாறு இந்திரா நகரிலுள்ள டி.டி.கே. மருத்துவமனை அதனுடையது. குடி ஒரு நோய், குடிப்பவர் நோயாளி, அவரோடு சேர்ந்து குடும்பமும் சீக்காகிறது என்பதுதான் அங்கே அடிப்படை. 1992-ல் அந்த அம்மையாருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது.

சென்னைக்கு வந்து தங்க முடியாத கிராமத்து ஏழைகளை என்ன செய்வது என்று யோசித்து, 1989-ல் அவர்கள் நம் பக்கம் வந்தார்கள். குடவாசல் பக்கத்து மஞ்சக்குடி, சுவாமி தயானந்த சரஸ்வதி பிறந்த ஊர், அன்று தஞ்சை மாவட்டம், இன்று திருவாரூர் மாவட்டம். ஊர்க்காரர்கள் கைகொடுக்க, நோயாளிகளைப் பதினைந்து நாள் அங்கேயே தங்கவைத்து இலவச சிகிச்சை. முதல் சில நாள் மருந்து கொடுத்து உடம்பைத் தேற்றுவார்கள். பிறகு பேச்சு: தனியாக, குழுவாக, குடும்பத்தோடு. முகாம் முடிந்த பிறகும் ஆட்கள் வந்து தொடர்ந்து விசாரிப்பார்கள். இந்தப் பின்தொடர்தல்தான் மற்ற வைத்தியத்தில் இல்லாதது என்பது என் அபிப்பிராயம்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், தை அறுவடை முடிந்த சமயம், அவனை மன்னார்குடி வழியாக பஸ்ஸில் அழைத்துப் போனோம். வழியெல்லாம் வசவு. முதல் மூன்று நாள் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆறாவது நாளோ ஏழாவது நாளோ, பக்கத்துப் பாய்க்காரரோடு உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தான். அவரும் நிலத்தை இழந்தவர். இரண்டு குடிகாரர்கள் ஒருவரிடம் ஒருவர் பேசிக் குடியைத் தள்ளிவைக்கலாம் என்பது 1935-ல் அமெரிக்காவில் இருவர் கண்டுபிடித்த வழி. ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்ற கூட்டம் அப்படித்தான் பிறந்தது. மஞ்சக்குடியில் அதைக் கண்ணால் பார்த்தேன்.

குடும்பத்தாரை உட்காரவைத்துப் பேசிய அன்று, ஆற்றுப்படுத்த வந்த பெண் பொதுவாக ஒரு கேள்வி கேட்டார்: "இவருக்கு யாரெல்லாம் வாங்கிக் கொடுத்திருக்கீங்க?" என் மைத்துனன் என்னைப் பார்க்கவே இல்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் மனைவி என்னைப் பார்த்தாள். நான் கையைத் தூக்கினேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். "இனிமே என்ன செய்யப் போறீங்க ஐயா?" என்று மட்டும் கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. இருபது வருஷம் கோப்பில் குறிப்பு எழுதியவனுக்கு ஒரு வாக்கியம் வரவில்லை.

அதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுதினால் பொய். அடுத்த வருஷம் ஒரு கல்யாணத்தில் குடித்துவிட்டான். பத்து நாள் ஓடியது. முன்பாக இருந்தால் வீட்டில் கதவைச் சாத்தியிருப்போம். இந்தத் தடவை அவன் மனைவியே கையைப் பிடித்து மறுபடி சிகிச்சைக்குக் கூட்டிப்போனாள். அதன் பிறகு தொடவில்லை.

2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல். பட்டுக்கோட்டைக்காரர்களுக்கு விளக்க வேண்டாம். அவன் தோப்பில் மிச்சமிருந்த மரங்களும் போயின. அன்று மாலை கரண்ட் இல்லாத இருட்டில், தனியாக இருக்கிறானே என்ற பயத்தில் ஒரு பையில் பிஸ்கட்டும் மெழுகுவர்த்தியும் எடுத்துக்கொண்டு போனேன். விழுந்து கிடந்த மரத்தின் மேல் உட்கார்ந்திருந்தான். நான் எதற்கு வந்தேன் என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது.

"வாங்க அத்தான்," என்றான். "முதல்ல அந்தப் பையைத் திறந்து காட்டுங்க."