பின்கதவு நிரல்

பின்கதவு நிரல் என்பது உரிமையாளருக்குத் தெரியாமல் கணினிக்குள் தங்கி, வெளியாள் ஒருவர் நினைத்தபோதெல்லாம் வந்துபோக வழி வைத்திருக்கும் தீநிரல். கொல்லைப்புற வழி என்றும் எழுதுவதுண்டு. பேச்சில் இதையும் ‘வைரஸ்’ என்றே சொல்கிறார்கள். வைரஸ் தன்னைப் பெருக்கிக்கொண்டே போகும். பின்கதவு அரவமில்லாமல் இருந்தால்தான் பிழைக்கும். அதனால் திரை கெடுவது, கணினி நின்றுபோவது போன்ற அறிகுறிகளைப் பெரும்பாலும் காட்டாது.

ரசீது, வேலை நியமன ஆணை என்ற பெயரில் மின்னஞ்சலோடு வரும் கோப்பு, காசு கொடுக்காமல் மென்பொருளைத் திறக்க உதவும் ‘கிராக்’, பல கணினிகளில் செருகிவந்த பென் டிரைவ், புதுப்பிக்காமல் விட்ட இயங்குதளத்தின் ஓட்டை ஆகியவை இது நுழையும் வழக்கமான வழிகள். முதலில் வருவது ஒரு சிறு சுமைதூக்கி நிரல். அது மறைகுறியாக்கப்பட்ட முதன்மை நிரலைப் பிரித்தெடுத்து, கணினி ஒவ்வொரு முறை இயங்கத் தொடங்கும்போதும் தானும் எழும்படி பதிந்துவைக்கும். பிறகு உள்ளேயிருந்தே தன் எசமானரின் சர்வரைக் கூப்பிடும். வெளியிலிருந்து வருவதைத் தடுக்கும் ஃபயர்வால், உள்ளிருந்து போகும் அழைப்பைப் பல நேரம் கேள்வி கேட்பதில்லை.

தொடக்கத்தில் பின்கதவு, மென்பொருளை எழுதியவர்களே பழுதுபார்க்க வசதியாக விட்டுவைத்த வழி. 1983இல் வந்த ‘வார்கேம்ஸ்’ என்ற ஹாலிவுட் படம் அதைப் பொதுமக்களுக்கு அறிமுகப்படுத்தியது. படத்தில் அந்தக் கதவைத் திறக்கும் சொல், நிரலை எழுதியவரின் இறந்துபோன மகனின் பெயர். யூனிக்ஸ் இயங்குதளத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான கென் தாம்சன், டூரிங் விருது உரையாக 1984இல் வெளியிட்ட கட்டுரையில், நிரல்களை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலருக்குள் பின்கதவை ஒளித்துவைத்தால் மூல நிரலை வரிவரியாகப் படித்தாலும் அகப்படாது என்று காட்டினார். 1998இல் ‘பேக் ஆரிஃபிஸ்’ என்ற பின்கதவு நிரல் வெளிவந்தது. 2004இல் மைடூம் என்ற புழு, போன இடமெல்லாம் பின்கதவைத் திறந்துவைத்தது. 2009இல் அம்பலமான கோஸ்ட்நெட் ஒற்று வலை 103 நாடுகளில் 1,295 கணினிகளைத் தொட்டிருந்தது. அந்த விசாரணை தலாய் லாமாவின் அலுவலகக் கணினிகளிலிருந்து தொடங்கியது.

தமிழ்நாட்டில் அதிகம் பேசப்பட்ட நிகழ்வு கூடங்குளம் அணுமின் நிலையத்தில் 2019இல் நடந்தது. அங்கு கிடைத்த நிரலின் பெயர் டீட்ராக். 2018 கோடையின் பிற்பகுதியில் இந்திய வங்கிகளின் ஏடிஎம் இயந்திரங்களில் அட்டை விவரங்களைத் திருடிய ஒரு நிரலைக் கணினிப் பாதுகாப்பு நிறுவனமான காஸ்பர்ஸ்கி கண்டது. அதன் கிளையைப் பிடித்துப் போனபோது 180க்கு மேற்பட்ட டீட்ராக் மாதிரிகள் அகப்பட்டன. அழுத்தும் விசைகளைக் குறித்துவைப்பது, உலாவியின் வரலாற்றைப் படிப்பது, வட்டில் உள்ள கோப்புகளைப் பட்டியலிடுவது ஆகியவை அதன் வேலைகள். வேலை முடிந்ததும் தன்னையே அழித்துக்கொள்ளும் கட்டளையும் உண்டு. காஸ்பர்ஸ்கி இதை 2019 செப்டம்பர் 23 அன்று வெளியிட்டது.

அக்டோபர் 28 அன்று, சந்தேகத்துக்குரிய கோப்புகளைப் பரிசோதிக்கும் வைரஸ்டோட்டல் தளத்தில் இருந்த ஒரு டீட்ராக் மாதிரி ஆய்வாளர்களின் கண்ணில் பட்டது. அதற்குள் ஓர் உள்வலை முகவரியும், கூடங்குளம் நிலையத்தின் ஆங்கிலச் சுருக்கப் பெயர் கொண்ட நிர்வாகிக் கணக்கும், அதன் கடவுச்சொல்லும் அப்படியே எழுதப்பட்டிருந்தன. கடவுச்சொல்லின் கடைசி இரண்டு எழுத்துகள் ‘கேகே’. கூடங்குளத்தின் ஆங்கிலச் சுருக்கம்தான் என்று ஊகிக்கத் தோன்றுகிறது. திரட்டிய கோப்புகளை இந்த மாதிரி வெளியே அனுப்பாமல், அதே உள்வலையின் இன்னொரு கணினியில் சேர்த்துவைக்கும்படி அமைக்கப்பட்டிருந்தது. எனவே எழுதியவர் முன்பே ஒருமுறை உள்ளே வந்துபோனவர் என்று ஆய்வாளர்கள் கருதினர்.

அக்டோபர் 29 அன்று நிலையத்தின் செய்திக்குறிப்பு, கட்டுப்பாட்டு அமைப்புகள் வெளிவலையோடு இணைக்கப்படாத தனி அமைப்புகள், ஆகவே இணையத் தாக்குதல் சாத்தியமில்லை என்றது. மறுநாளே, நிலையத்தை நடத்தும் இந்திய அணுமின் கழகம், தன் கணினியில் தீநிரல் இருந்தது உண்மை என்று ஒப்புக்கொண்டது. நிர்வாகப் பணிக்கான, இணையத்தோடு இணைந்த வலையில் இருந்த ஒரு பயனரின் கணினி அது. உலை சார்ந்த உள்வலை வேறு. அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் செப்டம்பர் 4 அன்றே தகவல் தந்தது என்றும் கழகம் விளக்கியது. இரண்டு அறிக்கைகளும் நேருக்கு நேர் முரண்படவில்லை: முதலாவது உலையைப் பற்றிப் பேசியது, இரண்டாவது அலுவலக மேசையைப் பற்றி. 2011 முதல் இந்த நிலையத்தை எதிர்த்து இடிந்தகரையில் போராடிய மக்களுக்கு இந்த நுணுக்கம் எந்த அளவு ஆறுதல் தந்திருக்கும் என்பது வேறு கேள்வி.

ஊடுருவல் எவ்வளவு ஆழம் என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. அரசுக்கு முன்பே எச்சரித்ததாகச் சொன்ன இணையப் பாதுகாப்பு வல்லுநர் புக்ராஜ் சிங், வலையின் பயனர் கணக்குகளை ஆளும் டொமைன் கன்ட்ரோலர் வரை ஊடுருவியவர்கள் போனார்கள் என்றார். கழகத்தின் அறிக்கை ஒரு கணினியை மட்டுமே குறிப்பிடுகிறது. டீட்ராக்கை வட கொரியாவோடு தொடர்புடையதாகக் கருதப்படும் லாசரஸ் குழுவின் படைப்பாகக் காஸ்பர்ஸ்கி கூறுகிறது. தோரியம் சார்ந்த அணு உலைத் தொழில்நுட்பமே குறி என்றது ஒரு தென் கொரிய ஆய்வுக்குழு. அக்டோபர் 19 அன்று இரண்டாம் உலை நின்றதையும் இதோடு முடிச்சுப் போட்டவர்கள் உண்டு. அதற்குச் சான்று ஏதும் முன்வைக்கப்படவில்லை.

பின்கதவை நீக்குவதில் வரிசை முக்கியம். முதலில் வலைக் கம்பியைப் பிடுங்கி வைஃபையை அணைக்க வேண்டும். கடவுச்சொற்களை வேறொரு கணினியிலிருந்துதான் மாற்ற வேண்டும். தொற்றிய கணினியிலேயே மாற்றினால் புதிய சாவியையும் திருடன் கையில் கொடுத்ததாகிவிடும். கெட்டுப்போன இயங்குதளத்தின் சொல்லை நம்ப முடியாது என்பதால், சுத்தமான பென் டிரைவிலிருந்து கணினியைத் தொடங்கிப் பரிசோதிப்பது நல்லது. தன்னையே அழிக்கத் தெரிந்த நிரல்களின் விஷயத்தில் ‘ஒன்றும் இல்லை’ என்ற முடிவும் முழுச் சான்றாகாது. சந்தேகம் நீடித்தால் வட்டை அழித்து அசல் பிரதியிலிருந்து எல்லாவற்றையும் மீண்டும் நிறுவுவதே வழி. பழைய வட்டிலிருந்து ஆவணங்களையும் படங்களையும் சோதித்து எடுக்கலாம், இயங்கு கோப்புகளை எடுக்கக் கூடாது. வழக்கு உண்டென்றால் அழிக்கும் முன் வட்டின் முழு நகல் வேண்டும். 2017இல் தொடங்கிய அரசின் சைபர் ஸ்வச்சதா கேந்திரா நீக்கும் கருவிகளை இலவசமாகத் தருகிறது.

2022 ஏப்ரல் 28 நாளிட்ட செர்ட்-இன் ஆணை, இத்தகைய ஊடுருவல்களை 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்கச் சொல்கிறது. பின்கதவுகள் அதோடு ஓயவில்லை. 2024 மார்ச்சில், லினக்ஸில் பரவலாகப் பயன்படும் எக்ஸ்இசட் என்ற சுருக்கு மென்பொருளில் ஒரு பின்கதவு அகப்பட்டது. ஆண்ட்ரஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர், தொலைவுக் கணினியில் நுழைய வழக்கத்தைவிட அரை விநாடி கூடுதலாவது ஏன் என்று தேடப்போய் அதைக் கண்டுபிடித்தார்.