சிக்விஞ்ச்: மூன்று துண்டுப் பெயர்

கிளிநொச்சி அறிவியல் நகரில் பொறியியலும் வவுனியா பம்பைமடுவில் கணினி விஞ்ஞானமும் படிக்கும் பிள்ளைகள் லினக்ஸ் சமிக்ஞைப் பட்டியலைப் புரட்டினால் ‘சிக்விஞ்ச்’ என்ற பெயரைக் காண்பார்கள். வழக்கமான கணினிகளில் அதன் எண் 28. வெறுமனே மனனம் செய்துவிட்டுப் போகும் பெயரல்ல இது. முனைய யன்னலின் அளவு மாறும்போது செய்நிரல் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதை இந்தப் பெயரே சொல்லித் தருகிறது.

முதலில் ஒரு மயக்கத்தைத் தீர்த்துக்கொள்வோம். பழனி மலைக்கு ஆட்களை ஏற்றிச் செல்லும் இழுவை வண்டியைத் தமிழ்நாட்டார் ‘விஞ்ச்’ என்பார்கள். அது கயிறு சுற்றி இழுக்கும் பொறியின் பெயர். சிக்விஞ்சுக்கும் அதற்கும் உறவில்லை. சிக்னலின் ‘சிக்’, விண்டோவின் ‘வின்’, சேஞ்ச் என்பதன் முதல் இரண்டு எழுத்து, இவை ஒட்டிப் பிறந்ததே இப்பெயர். ஆங்கிலத்தில் மொத்தம் 8 எழுத்து. 1978இல் வெளிவந்த கேர்னிகன்–ரிச்சி நூலின்படி, சி மொழி ஒரு பெயரின் முதல் 8 எழுத்தையே கணக்கில் எடுத்தது. பெயர்களை இறுக்கிக் கட்டிய காலம் அது.

நடுத் துண்டுதான் வயதில் மூத்தது. விண்டோ என்பது பழைய நோர்ஸ் மொழியில் ‘காற்றின் கண்’. சிலப்பதிகாரத்தில் வரும் ‘காலதர்’ காற்றின் வழி: கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. இளங்கோவும் அதை மானின் கண்ணோடு சேர்த்தே சொல்கிறார். வன்னியில் நாம் புழங்கும் யன்னலோ போர்த்துக்கீசரின் ‘ஜனெலா’. அதன் இலத்தீன் வேர் கதவைக் குறிப்பது.

கணினிக்குள் இந்த யன்னல் பிந்தித்தான் வந்தது. 1963இன் டெலிடைப் 33 கடதாசியில் வரிக்கு 72 எழுத்து அடித்தது. 1978இன் விடி100 திரையில் 24 நிரை, 80 நிரல். அந்தத் திரையின் ஓரத்தைப் பிடித்து இழுக்க ஆருக்கும் வழியில்லை. திரைக்குள் யன்னல்களைத் திறந்த சன் நிறுவனக் கணினிகளும் 1986இன் 4.3 பிஎஸ்டி யுனிக்ஸும் வந்தபிறகே அளவு மாற்றத்தை அறிவிக்க ஒரு சமிக்ஞை தேவைப்பட்டது. பொசிக்ஸ் தரநிலை 2024இல்தான் இதைத் தன் பட்டியலில் ஏற்றது.

இப்போது மூன்றாம் துண்டுக்கு வருவோம். பெயரில் மாற்றம் இருக்கிறது, அளவு இல்லை. அளவுக்குத் தனிப்பெயர் ‘வின்சைஸ்’. நிரை, நிரல் எண்ணிக்கைகளை இயங்குதளத்தின் கருவான கேர்னல் அதில் வைத்திருக்கிறது. யன்னலை இழுத்ததும் முனைய மென்பொருள் புதிய அளவை கேர்னலிடம் பதிகிறது. கேர்னல் முன்னணியில் ஓடும் செய்நிரலுக்கு சிக்விஞ்சை அனுப்புகிறது. செய்நிரல் திரும்பிப்போய் அளவைக் கேட்டுத் திரையை மீண்டும் வரைய வேண்டும். இப்படிப் பிரித்து வைத்தது சரியான ஏற்பாடு. யன்னலை இழுக்க இழுக்கச் சமிக்ஞைகள் வரிசையில் நிற்பதில்லை. அடுத்தடுத்து வந்தவை ஒன்றாகக் கலந்துவிடும். அளவையும் சுமந்து வந்திருந்தால் பழைய அளவே கையில் மிஞ்சக்கூடும். கேட்டுப் பெறுவதால் எப்போதும் கடைசி அளவே கிடைக்கும்.

ஒரு மாணவர் கைத்தொலைபேசியில் டெர்மக்ஸ் என்ற முனையச் செயலியைத் திறந்து, எஸ்எஸ்எச் வழியாகத் தொலைவிலுள்ள சேர்வரில் விம் என்ற உரைத்தொகுப்பியை இயக்குகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். தொட்டவுடன் விசைப்பலகை எழும்பி திரையில் பாதியை எடுத்துக்கொள்கிறது. சிக்விஞ்ச் கைபேசியிலுள்ள எஸ்எஸ்எச்சுக்கு வரும். அந்தச் சமிக்ஞை வலையமைப்பைத் தாண்டாது. ஆகவே எஸ்எஸ்எச் ‘விண்டோ-சேஞ்ச்’ என்ற கோரிக்கையை அனுப்புகிறது. 2006இன் ஆர்எப்சி 4254 வகுத்த பெயர் அது. சுருங்கிய பெயர் அங்கே முழுதாக விரிகிறது, அளவும் கூடவே போகிறது, ஏனெனில் தொலைவிலுள்ள கேர்னலால் இந்தக் கைபேசியிடம் கேட்க முடியாது. கோரிக்கை வந்து சேர்ந்ததும் அந்தக் கேர்னல் தன் வின்சைஸை மாற்றி, விம்முக்குப் புதிதாக ஒரு சிக்விஞ்சை எழுப்பும்.

இடையில் நிற்கும் எந்த அடுக்குக்கும், ஒரு முனையத்தைப் பலவாகப் பிரிக்கும் டிமக்ஸ் ஆனாலும் நாமே எழுதும் போலி முனையம் ஆனாலும், இதுவே கடமை. சமிக்ஞை வந்த இடத்தில் ஒரு கொடியை மட்டும் உயர்த்தி வை. முதன்மைச் சுழற்சியில் அளவைக் கேள். உள்ளே இருக்கும் முனையத்துக்கு அதைப் பதி. ஒன்று தவறினாலும் விம் பழைய அளவிலேயே வரைந்துகொண்டிருக்கும், வரிகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறும்.

28 என்ற எண்ணை எழுதவைக்குமுன் ஆசிரியர்கள் இந்த மூன்று துண்டுகளையும் பலகையில் பிரித்துக் காட்ட வேண்டும். பெயரில் அளவு இல்லை என்பதைக் கண்ட பிள்ளை, அளவைக் கேட்க ஒருபோதும் மறக்காது.