தானிய மணிகள் சுமக்கும் பாரம்

தண்ணீர்த் தொட்டியில் ஆழம் கூடக் கூட அடித்தளத்தின் அமுக்கமும் கூடிக்கொண்டே போகும். தானியக் களஞ்சியமும் அப்படித்தான் என்று எவரும் எண்ணக்கூடும். ஆனால் அது உண்மையன்று.

ஜேர்மனியின் பிறேமன் நகரப் பொறியியலாளர் எச். ஏ. யான்சன், சதுர வடிவ மாதிரிக் கூடுகளில் தானியத்தைக் கொட்டி, அடித்தளத்துக்கு வந்து சேரும் பாரத்தை நிறுத்துப் பார்த்தார். ஒரு மட்டத்துக்கு மேல் எவ்வளவு கொட்டினாலும் அந்தப் பாரம் ஏறக்குறைய மாறவில்லை. மிகுதியை உராய்வின் மூலம் சுவர்களே தாங்கின. 1895இல் அவர் வெளியிட்ட கட்டுரை, களஞ்சியம் கட்டுவோருக்கு இன்றும் அடிப்படையாகும். 

எனினும், யான்சனின் கணக்குச் சராசரிக் கணக்கே. ஒரு மணி அடுத்த மணியை எவ்வளவு விசையுடன் அழுத்துகிறது என்பதை அது சொல்லவில்லை. குவியலின் உள்ளே எவர் எட்டிப் பார்ப்பது?

அதற்கு வழிகாட்டியது ஒளி. அழுத்தப்பட்ட கண்ணாடியை முனைவாக்கிய ஒளியில் நோக்கினால் வண்ணக் கோலங்கள் தெரியும் என்பதை டேவிட் புறூஸ்ரர் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே கண்டறிந்திருந்தார். 1957இல் பிரான்சின் பியர் தாந்து அந்த முறையை மணிக் குவியல்களில் பயன்படுத்தினார். பாரம் எங்கும் சமமாகப் பரவவில்லை. சில மணிகள் சங்கிலிபோற் கோத்து நின்று பெரும்பகுதியைச் சுமந்தன. பக்கத்திலேயே பல மணிகள் சும்மா கிடந்தன.

எங்கள் தலைமுறைப் பத்திரிகையாளருக்குக் காபன் தாள் நன்கு பழகியது. தட்டச்சில் ஓங்கி அடித்த எழுத்துப் பிரதியில் கறுத்து விழும். மெல்ல அடித்தது மங்கும். சிக்காகோ ஆய்வாளர்களும் அதையே செய்தார்கள். கண்ணாடி மணிகளின் கீழே காபன் தாளை விரித்து, விழுந்த கறைகளின் பருமனையும் கறுப்பையும் கொண்டு விசைகளை மதிப்பிட்டனர். 1998இல் வெளியான முடிவின்படி, சராசரியைவிடப் பன்மடங்கு பெரிய விசைகள் அரியனவாயினும் இல்லாதனவல்ல.

ஆனால் காபன் தாள் விளிம்பை மட்டுமே காட்டும். 2005இல் டியூக் பல்கலைக்கழகத்தின் மஜ்முதாரும் பெரிங்கரும் ஒளிபுகும் வட்டத் தட்டுகளின் வண்ணக் கோலங்களைக் கணினியால் ஆராய்ந்து, உள்ளேயுள்ள ஒவ்வொரு தொடுகையின் விசையையும் மதிப்பிட்டுக் காட்டினர்.

ஒரு பக்கமாகத் தானியத்தை இறக்கும்போது பாரம் சமனின்றித் திரும்பி, களஞ்சியச் சுவர்கள் சிதைவதுண்டு. சராசரியை மட்டும் அறிந்தவர் அதை எதிர்பார்த்திருக்கமாட்டார். சுமப்பவர் சிலர், சும்மா இருப்பவர் பலர் என்பது மணிகளின் உலகத்துக்கும் பொருந்துகிறது. முதலில் நொறுங்கக்கூடியவை சுமக்கும் அந்தச் சிலவே.