சுறா வறை தின்னும் ஊரிலும் 'ஜோஸ்' ஏன் பயமுறுத்துகிறது?

யாழ்ப்பாணத்தில் சுறா என்றால் முதலில் நினைவுக்கு வருவது வறைதான். அவித்து, தோலை நீக்கி, உதிர்த்து, தேங்காய்ப்பூவோடு வறுத்தெடுத்தால் சோறு கொஞ்சம் கூடுதலாகவே இறங்கும். பிள்ளை பெற்ற பெண்ணுக்குப் பால் சுரக்கும் என்று பால்சுறாவைத் தேடி வாங்கிக் கொடுக்கும் வழக்கம் இன்றும் உண்டு. சுறாவைச் சந்தையில் விலை பேசி வாங்கும் மக்கள் நாங்கள். அப்படியிருந்தும் 'ஜோஸ்' படத்தைப் பார்க்கும்போது எங்களுக்கும் கால் கூசுகிறது.

ஸ்டீவன் ஸ்பீல்பேர்க் இயக்கிய இந்தப் படம் 1975 ஜூன் 20 அன்று அமெரிக்காவில் வெளியானது. 50 ஆண்டு நிறைவையொட்டி 2025இல் அங்கே மீண்டும் திரையரங்குகளுக்கு வந்தது. இறுதிக் காட்சியில் படகின் மேல் ஏறி வாயைப் பிளக்கும் சுறா இறப்பரால் செய்யப்பட்டது என்பது இன்றைய பிள்ளைகளுக்குப் பார்த்தவுடனேயே தெரியும். சிலர் சிரிக்கவும் கூடும். ஆனால் அதுவரையிலான ஒன்றரை மணித்தியாலத்துக்கு மேல் அவர்களும் சிரிக்காமல்தான் இருந்திருப்பார்கள். பயம் அந்தப் பொம்மையில் இல்லை என்பதற்கு அதுவே சான்று.

வேலை செய்யாத சுறா

பீற்றர் பெஞ்ச்லி 1974இல் எழுதிய நாவலே படத்தின் மூலம். படப்பிடிப்பு மார்த்தாஸ் வின்யார்ட் தீவில், உண்மையான கடலில் நடந்தது. ஏறத்தாழ 25 அடி நீளமான மூன்று இயந்திரச் சுறாக்கள் செய்யப்பட்டன. ஸ்பீல்பேர்க்கின் சட்டத்தரணியின் பெயரால் அவற்றைப் 'புறூஸ்' என்று அழைத்தார்கள். உப்புத் தண்ணீர் பட்டதும் அவை அடிக்கடி பழுதாகின. 55 நாட்களில் முடிய வேண்டிய படப்பிடிப்பு 159 நாட்கள் வரை இழுபட்டது.

சுறா இல்லாமல் சுறாப் படம் எடுக்க வேண்டிய நிலை. ஸ்பீல்பேர்க் கமெராவையே சுறாவாக்கினார். நீருக்கடியிலிருந்து நீந்துபவரின் கால்களை நோக்கி அது நகர்கிறது. இன்னொரு காட்சியில் இருவர் இறைச்சித் துண்டைக் கட்டித் தூண்டில் போடுகிறார்கள். இழுத்த இழுப்பில் மரத்துறையின் ஒரு பகுதி உடைந்து கடலுக்குள் போகிறது. ஒருவர் தண்ணீரில் விழுகிறார். போய்க்கொண்டிருந்த அந்த மரத்துண்டு நின்று, மெல்லத் திரும்பி, அவரை நோக்கி வரத் தொடங்குகிறது. காட்சியில் சுறா இல்லவே இல்லை. மிதக்கும் பலகை மட்டும்தான். பிற்பகுதியில் வரும் மஞ்சள் பீப்பாய்களும் இதே வேலையைத்தான் செய்கின்றன.

இப்படி வெறுமையாக விடப்பட்ட இடத்தைப் பார்ப்பவர் தன்னிடம் உள்ளதைக் கொண்டு நிரப்புகிறார். எங்களிடம் நிரப்புவதற்கு நிறையவே இருக்கிறது. 1990களின் முற்பகுதியில் கிளாலிக் கடல்நீரேரியை இரவில், விளக்கில்லாமல், படகில் கடந்த தலைமுறை இன்னும் எங்கள் வீடுகளில் இருக்கிறது. கடற்படைப் படகு எந்தப் பக்கமிருந்து வரும் என்று தெரியாமல் இருட்டுத் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு, அசையாத கடல் அமைதியின் அடையாளம் அல்ல.

முதலில் வருவது சத்தம்

ஜோன் வில்லியம்ஸின் இசையில் அடிப்படையாக இருப்பவை இரண்டே சுரங்கள். மெதுவாகத் தொடங்கி, இடைவெளி குறைந்து, நெருங்கி வரும். இந்த இசைக்கு அவர் ஒஸ்கார் பெற்றார். படத்தொகுப்புக்காக வேர்ணா பீல்ட்ஸும் பெற்றார்.

இசைக்குள் ஒரு ஒழுங்கு இருக்கிறது. உண்மையான சுறா வரும்போதுதான் அந்தச் சுரங்கள் ஒலிக்கும். இரண்டு சிறுவர்கள் போலிச் செட்டையை வைத்துக்கொண்டு கடற்கரையைக் கலைக்கும் காட்சியில் அவை ஒலிப்பதில்லை. காது அந்த ஒழுங்கை நம்பப் பழகிய பின்னர், பொலிஸ் தலைவர் புரோடி படகின் பின்புறமிருந்து இரையை அள்ளி வீசும்போது, சுறா எந்த இசையும் இல்லாமல் தலையைத் தூக்குகிறது. படத்தின் புகழ்பெற்ற அதிர்ச்சிகளில் ஒன்று அது. எச்சரிக்கை வரும் என்று நம்பியிருந்தவரை எச்சரிக்கை கைவிடுகிறது.

சத்தத்தை வைத்து உயிர் காத்த மக்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. குத்தும் சத்தம் கேட்டால் எண்ணத் தொடங்குவது, கூவிக்கொண்டு போனால் அது எங்களைக் கடந்துவிட்டது என்று மூச்சு விடுவது, ஹெலியா பொம்பரா என்று இரைச்சலிலேயே பிரித்தறிந்து பங்கருக்குள் இறங்குவது என்று குழந்தைகள்கூட ஓர் ஒலி அகராதியை மனப்பாடம் செய்திருந்தார்கள். சத்தமே கேட்காமல் விழுந்ததுதான் எல்லாவற்றையும்விடப் பயங்கரமானது என்பதும் அவர்களுக்குத் தெரியும்.

'கடற்கரை பாதுகாப்பானது'

படத்தில் அமிற்றித் தீவின் நகரபிதாவுக்கு ஆபத்து தெரியும். ஆனாலும் ஜூலை 4 விடுமுறைக் காலத்து வருமானம் போய்விடும் என்பதற்காகக் கடற்கரையைத் திறந்து வைக்கிறார். யாரும் தண்ணீரில் இறங்காதபோது, தெரிந்த குடும்பமொன்றைத் தூண்டி இறங்கச் செய்கிறார். கணினி வரைகலை எவ்வளவு வளர்ந்தாலும் இந்தக் காட்சி பழசாகாது. பாதுகாப்பு என்று அறிவிக்கும் அதிகாரமும், அதை நம்பி இறங்கும் மக்களும் எந்தக் காலத்திலும் இருக்கிறார்கள்.

கற்பனைப் படமொன்றையும் உண்மையான சாவுகளையும் ஒரே தராசில் வைக்க முடியாது. ஆனால் குடாநாட்டில் இந்தக் காட்சியைப் பார்ப்பவருக்கு நவாலி நினைவுக்கு வராமல் போகாது. 1995 ஜூலையில் 'முன்னேறிப் பாய்தல்' படை நடவடிக்கையின்போது வழிபாட்டுத் தலங்களில் தஞ்சமடையுமாறு மக்களுக்கு அறிவிக்கப்பட்டது. ஜூலை 9 அன்று நவாலி சென் பீற்றர்ஸ் தேவாலயத்தில் விமானக் குண்டுகள் விழுந்தன. நூற்றுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். 2009இல் வன்னியில் அறிவிக்கப்பட்ட பாதுகாப்பு வலயங்களுக்குள்ளும் ஷெல்கள் விழுந்ததை ஐ.நா. செயலாளர் நாயகத்தின் நிபுணர் குழு 2011இல் அறிக்கையிட்டது.

மகனைச் சுறாவுக்குப் பறிகொடுத்த தாய் கறுப்பு உடையில் வந்து, எல்லோர் முன்னிலையிலும் புரோடியை அறைகிறாள். ஆபத்து தெரிந்திருந்தும் ஏன் கடற்கரையைத் திறந்து வைத்தாய் என்பதே அவளுடைய கேள்வி. நகரபிதா அவள் சொல்வது பிழை என்று புரோடியைத் தேற்றுகிறார். புரோடியோ அவள் சொன்னது சரிதான் என்கிறார். 2017 பெப்ரவரி முதல் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் வீதியோரக் கொட்டகைகளில் இருந்து பிள்ளைகளைக் கேட்ட தாய்மாருக்கு, அந்த அளவு பதில்கூட எந்த அதிகாரியிடமிருந்தும் கிடைக்கவில்லை.

ஒரு மனிதர் பேசும் சில நிமிடங்கள்

படத்தின் உச்சம் என்று பலர் சொல்வது, சுறாவோ இரத்தமோ இல்லாத ஒரு காட்சியை. றொபேர்ட் ஷோ நடித்த குவின்ட் என்ற சுறா வேட்டைக்காரர், இரவில் படகின் அறைக்குள் இருந்து, தான் தப்பி வந்த கதையைச் சொல்கிறார். பின்னணியில் உள்ளது உண்மைச் சம்பவம். அணுகுண்டின் பாகங்களை இறக்கிவிட்டுப் பயணத்தைத் தொடர்ந்த அமெரிக்கப் போர்க்கப்பல் இன்டியனாபோலிஸ், 1945 ஜூலை 30 அன்று ஜப்பானிய நீர்மூழ்கியால் மூழ்கடிக்கப்பட்டது. கப்பலில் இருந்தவர்கள் ஏறத்தாழ 1,200 பேர். அது வந்து சேரவில்லை என்பதையே கடற்படை கவனிக்கவில்லை. ஏறத்தாழ நான்கு நாட்கள் கடலில் மிதந்து, தாகத்துக்கும் வெயிலுக்கும் சுறாக்களுக்கும் தப்பி மிஞ்சியவர்கள் 316 பேர்.

குவின்ட் அழுவதில்லை. நேரத்தையும் எண்ணிக்கையையும் அடுக்கிக்கொண்டே போகிறார். சில இடங்களில் ஒரு வறட்டுச் சிரிப்பு. இறந்தவர்களைவிடத் தன் முறைக்காகக் காத்திருந்த நேரமே அவரை இன்னும் விடாமல் பிடித்திருக்கிறது. முள்ளிவாய்க்காலிலிருந்து மீண்டவர்கள் பேசுவதை அருகிலிருந்து கேட்டவர்களுக்கு இந்தப் பேச்சு நடை புதிதல்ல.

சுறாவுக்கு என்ன நடந்தது?

ஒரு விடயத்தில் இந்தப் படம் அநியாயமும் செய்தது. பெருவெள்ளைச் சுறா மனிதனைத் தேடிப் பழிவாங்கும் பிராணி அல்ல. படத்தின் பின் சுறா வேட்டை ஒரு வீர விளையாட்டானது. பெஞ்ச்லி தன் பிற்காலத்தைச் சுறாக்களின் பாதுகாப்புக்காகச் செலவிட்டார். ஸ்பீல்பேர்க்கும் 2022இல் பி.பி.சி. வானொலியில் வருத்தம் தெரிவித்தார். 1970 முதல் திறந்த பெருங்கடலில் வாழும் சுறா, திருக்கை இனங்களின் தொகை 71 வீதம் குறைந்துவிட்டதாக 2021இல் ஆய்வொன்று கணித்தது. அதற்கு முதன்மைக் காரணம் மிகை மீன்பிடி. பயந்தவர்கள் அந்தப் பயத்துக்கு ஒரு முகத்தைக் கொடுத்து, பிறகு அந்த இனம் முழுவதையும் அப்படியே பார்ப்பது எங்களுக்கும் நேர்ந்த ஒன்றுதான்.

பிள்ளைகளோடு இந்தப் படத்தைப் பார்க்க நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பட்டாசுச் சத்தத்துக்கு இன்றும் திடுக்கிட்டு எழும்பும் அம்மாவோ அப்பாவோ வீட்டில் இருந்தால், ஒலியைக் குறைத்து வையுங்கள். திடீர் அதிர்ச்சிகள் வரும் இடங்களை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பார்க்க விருப்பமில்லை என்று எழும்பிப் போனால் கேலி செய்யாதீர்கள். படம் முடிந்த பின் அவர்கள் வேறு எதையாவது சொல்லத் தொடங்கினால், தொலைக்காட்சியை நிறுத்திவிட்டுக் கேளுங்கள்.