பிறகு எழுதுவம் எண்டு வைத்த கதைகள்

"நேரம் கிடைக்கேக்க எழுதுவம்." எழுத ஆசைப்படுகிற எங்களில் பலரிடம் இந்தச் சாட்டு இருக்கிறது. கொப்பி வாங்கியாச்சு, தலைப்பும் மனதுக்குள் இருக்குது. முதல் வரிதான் வருசக்கணக்காக வரவில்லை. இந்தக் காலத்துப் பிள்ளைகளின் சோம்பல் எண்டு பெரியவர்கள் சொல்லுவார்கள். ஆனால் பிந்தி எழுதத் தொடங்கியவர்களின் வரிசையில் உ. வே. சாமிநாதையரே நிற்கிறார்.

அவருடைய ஆசிரியர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை 1876இல் காலமானார். அந்த ஆசிரியரின் வரலாற்றை ஐயர் நூலாக எழுதி, அதன் முதற்பாகம் வெளிவந்தது 1933இல். இடையில் 57 வருடங்கள்! தன்னுடைய கதைக்கு இன்னும் பிந்தினார். 'என் சரித்திரம்' ஆனந்த விகடனில் 1940 ஜனவரியில் தொடங்கியபோது அவருக்கு 85ஆவது வயது நடந்துகொண்டிருந்தது. 1942 ஏப்ரலில் அவர் இறந்துபோனார். கதை 19ஆம் நூற்றாண்டின் இறுதியோடு நின்றுவிட்டது. 1918இல் பரிபாடலையும் 1937இல் குறுந்தொகையையும் பதிப்பித்த காலமெல்லாம் அந்தத் தொடருக்குள் வரவேயில்லை.

அவர் சும்மா இருந்து தள்ளிப்போடவில்லை எண்டது உண்மைதான். ஏடு தேடி ஊர் ஊராக அலைந்த மனிசன். இன்னொன்றையும் கவனிக்க வேணும். கும்பகோணத்தில் சேலம் இராமசுவாமி முதலியாரை முதலில் சந்தித்த நாளை, 1880 ஒக்டோபர் 21, வியாழக்கிழமை என்று கிழமையோடு எழுதுகிறார். நடந்து அறுபது வருடத்துக்குப் பிறகு! தனக்கு வந்த கடிதங்களையும் அவர் எறியவில்லை. சென்னையில் அவர் பெயரிலுள்ள நூல்நிலையத்தில் அவை இருக்கின்றன. நூல் பிந்தினாலும் அதற்குத் தேவையான சாமான்களை அவர் விட்டுவிடவில்லை.

இதற்கு நேர்மாறானவர் புதுச்சேரி ஆனந்தரங்கப் பிள்ளை. பிரெஞ்சு ஆளுநர் டூப்ளெக்சின் துபாஷியாக இருந்தவர். 1736இல் நாட்குறிப்பு எழுதத் தொடங்கி, இடையிடையே விடுபட்டாலும், 1761இல் சாகும் காலம் வரை தொடர்ந்தார். கப்பல் வந்தது, சரக்கு விலை, யுத்தச் செய்தி, ஊர்க்கதை எல்லாம் அதற்குள் இருக்கிறது. நடை அழகாக வரட்டும் எண்டு அவர் காத்திருக்கவில்லை. பேசுகிற தமிழிலேயே, பிறமொழிச் சொற்களும் கலந்து எழுதினார். 1846இல்தான் அது வெளியாட்கள் கண்ணில் பட்டது. இன்று அந்தக் காலத்துப் புதுச்சேரியைப் படிக்க விரும்புகிறவர்கள் அதைத் தாண்டிப் போக முடியாது.

எங்கள் ஊருக்கு வருவம். சிறுப்பிட்டியில் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை 1887இல் கலித்தொகையைப் பதிப்பித்தார். ஏட்டைக் கையில் எடுக்கவே ஓரம் உதிர்ந்துபோகும் நிலையை அதன் பதிப்புரையில் விவரிக்கிறார். இன்னும் கொஞ்சம் பிந்தினால் ஒன்றும் மிஞ்சாது எண்ட அவசரம் அவருக்கு இருந்தது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் சாம்பலாயின. எழுதி வைத்ததுக்கே இந்த நிலை. எழுதாததை அழிக்க நெருப்பும் தேவையில்லை.

1995 வலிகாம இடப்பெயர்வில் 40 வயதில் நடந்தவர்கள் இப்போது 70ஐத் தொட்டுவிட்டார்கள். எதைக் காவிக்கொண்டு போனார்கள், எதை விட்டுப் போனார்கள், மழைக்குள் எங்கே படுத்தார்கள் என்பதெல்லாம் அவர்களின் வாயில்தான் இருக்கிறது. அதைக் கேட்டு எழுத இலக்கியத் தமிழ் தேவையில்லை, பதிப்பகமும் தேவையில்லை. தேதி, இடம், யார் சொன்னது எண்ட மூன்றையும் குறித்தாலே போதும்.

முழுசாக எழுதி முடிப்பதை வேண்டுமானால் பிறகு பார்க்கலாம். ஐயருக்கும் அது பிந்தித்தான் வந்தது. ஆனால் குறித்து வைப்பதை நாளைக்கு விட முடியாது. இண்டைக்கு இரவு வீட்டில் மூத்தவர் ஒருவரிடம் ஒரு கேள்வி கேட்டு, அவர் சொல்லுறதைச் சொன்னபடியே அந்த வெறும் கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதுவம்.