வேலைநிறுத்தக் காலப் பிரசாரமும் போட்டிச் சந்தையும்

ஓர் ஆலையில் தொழில் தகராறு மூளும்போது, அதையொட்டி எழும் விளம்பரமும் பிரசாரமும் வாங்குவோரைப் போட்டி நிறுவனத்தின் பக்கம் திருப்புவதுண்டு. தமிழகத்தில் இதற்கு அழுத்தமான சான்று 1908ஆம் ஆண்டுத் தூத்துக்குடி.

அருப்புக்கோட்டை வட்டாரக் கரிசல் சீமைக்கும் இக்கதையில் பங்குண்டு. 1906 அக்டோபரில் வ.உ.சிதம்பரம் பிள்ளை பதிவுசெய்த சுதேசி நாவாய்ச் சங்கத்தின் தலைவர், அருப்புக்கோட்டையை அடுத்த பாலவனத்தத்தின் ஜமீன்தாரான பாண்டித்துரைத் தேவர். மூலதனம் 10 லட்சம் ரூபாய். பங்கு ஒன்று 25 ரூபாய். ஹாஜி முகமது பக்கீர் சேட் மட்டும் 2 லட்சம் ரூபாய்க்குப் பங்கு வாங்கினார். தூத்துக்குடி-கொழும்பு வழித்தடத்தைத் தன் கையில் வைத்திருந்த பிரிட்டிஷ் இந்தியா கப்பல் கம்பெனி கட்டணத்தை ஒரு ரூபாயாகக் குறைத்தது. சுதேசிக் கப்பல் எட்டணாவுக்கு ஏற்றியது. வெள்ளையர் கம்பெனி கடைசியில் கட்டணமே வேண்டாமென்றது. ஏறுகிறவருக்குக் குடையும் இலவசம் என்றது. அப்படியும் சுதேசிக் கப்பலைத் தேடி வந்தவர்கள் இருந்தார்கள்.

அவர்களை வரவழைத்தது மேடைப் பேச்சு. 1908 பிப்ரவரி 27 அன்று தூத்துக்குடியில் வெள்ளையர் நடத்திய கோரல் மில்லின் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். கூலி உயர்வு, ஞாயிறு விடுமுறை, வேலைநேரக் குறைப்பு ஆகியவை அவர்களுடைய கோரிக்கைகள். வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் நாள்தோறும் கூட்டம் போட்டார்கள். மில் வேறு, கப்பல் வேறு. ஆனால் கூட்டத்துக்கு வந்தவர்களுக்கு இரண்டும் ஒரே சண்டை. போராட்டத்துக்கு எதிராகப் பேசிய ஒரு வழக்கறிஞருக்குச் சவரம் செய்துகொண்டிருந்த நாவிதர் பாதியிலேயே எழுந்துவிட்டதாகச் சொல்வார்கள். காசு கொடுத்துப் போடும் எந்த விளம்பரமும் ஊரை இந்த அளவுக்கு ஒரு பக்கம் சாய்த்திருக்காது. மார்ச் முதல் வாரத்திலேயே நிர்வாகம் இறங்கிவந்தது. அரவிந்தரின் 'வந்தே மாதரம்' இதழ் இந்த வெற்றியைப் பாராட்டியது.

அரசு குறிவைத்தது இந்தக் குரலைத்தான். மார்ச் 12 அன்று வ.உ.சி. கைதானார், சேதி எட்டியதும் மில் தொழிலாளர் மறுபடி வேலையை விட்டு வெளியேறினர். ஜூலையில் நீதிபதி பின்ஹே அவருக்கு இரட்டை ஆயுள் தண்டனை விதித்தார். பேசியதற்காக ஒரு மனிதரின் வாழ்நாளையே பறிக்கத் துணிந்த கொடுமை அது. மேல்முறையீட்டில் தண்டனை குறைந்தாலும், அவர் செக்கிழுத்த காலத்தில் கப்பல் கம்பெனி நொடித்தது, 1911இல் கலைக்கப்பட்டது. இலவசப் பயணத்தின் நட்டத்தைத் தாங்கப் போட்டியாளரிடம் பணம் இருந்தது. சுதேசிக் கம்பெனியிடம் அது இல்லை. பிரசாரம் திருப்பிய தேவையைத் தக்கவைக்க முதலும் கப்பலும் வேண்டியிருந்தன.

பிற்காலத்தில் இக்கணக்கு வேறு வடிவம் எடுத்தது. 2011இல் மானேசர் மாருதி ஆலையில் தொடர்ந்த வேலைநிறுத்தங்களால் ஸ்விஃப்ட் காருக்குக் காத்திருப்போர் பட்டியல் நீண்டது. அந்த நிதியாண்டில் மாருதியின் சந்தைப் பங்கு 40 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கியது. டீசல் கார்களின் மீதான மோகமும் அதற்கு ஒரு காரணம். கையில் வண்டி வைத்திருந்த போட்டியாளரின் விளம்பரம்தான் இத்தகைய வேளையில் விற்பனையாக மாறும்.

தமிழகத்திலும் இதே கேள்வி மறுபடி எழுந்தது. 2024 செப்டம்பர் 9 முதல் 37 நாள், தீபாவளி நெருங்கிய வேளையில், சுங்குவார்சத்திரம் சாம்சங் ஆலைத் தொழிலாளர் தங்கள் சங்கத்துக்கு அங்கீகாரம் கேட்டுப் போராடினர். அங்கே தயாராவது குளிர்பதனப் பெட்டி, தொலைக்காட்சி, சலவை இயந்திரம். எஞ்சிய ஆட்களைக் கொண்டு நிர்வாகம் உற்பத்தியை ஓரளவு தொடர்ந்தது. போராட்டம் அக்டோபர் 15 அன்று முடிந்தது. சங்கப் பதிவு 2025 ஜனவரியில் கிடைத்தது.